பதினாலாவது இழைப்புளி

அம்மாவின் தேக்கு அலமாரியில் கீழ் இழுப்பறை ஐப்பசி மழை தொடங்கினால் திறக்காது. வருடா வருடம் இதே கதைதான். போன அக்டோபரில் மூன்று நாள் விடாமல் பெய்த மழையில், இழுத்தால் அலமாரியே நகர்ந்து வருகிற அளவுக்கு இறுகிவிட்டது. "வீடு பூரா இழைப்புளியா வாங்கி அடுக்கி வச்சிருக்கே, இதை ஒரு சீவு சீவிக் குடுக்கக் கூடாதா?" என்றாள் அம்மா. நியாயமான கேள்வி. மரத்தைச் சீவி வழவழப்பாக்குகிற தச்சுச் சாமான்தான் இழைப்புளி. என்னிடம் அப்போது பதின்மூன்று இருந்தன.

நான் போய்ப் பதினாலாவதை வாங்கி வந்தேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இரும்பு இழைப்புளிகளுக்கு அளவை வைத்து எண் உண்டு. நான்காம் எண் மூன்று, ஐந்தாம் எண் இரண்டு, இருபத்திரண்டு அங்குல நீளத்தில் ஏழாம் எண் ஒன்று (இரண்டு முறை தொட்டிருப்பேன்), ஒற்றைக் கையில் பிடிக்கிற சின்ன பிளாக் பிளேன் இரண்டு, விளிம்பில் படி வெட்டுகிறது ஒன்று, மரக்கட்டை உடம்புள்ள நம்மூர் இழைப்புளி நான்கு. உளிகள் இருபத்தேழு. ரம்பங்களை எண்ணுவதை விட்டுவிட்டேன். நான்கு வருடத்தில் இவற்றைக் கொண்டு நான் செய்தவை ஒரு முக்காலி, ஒரு சுவர்த் தட்டு, இந்தச் சாமான்களை வைக்க ஒரு பெட்டி. பெட்டிதான் நன்றாக வந்தது.

இந்த வியாதிக்கு எண் வரிசையும் ஒரு காரணம். லெனார்ட் பெய்லி என்ற அமெரிக்கர் வடிவமைத்த இரும்பு இழைப்புளிகளின் உரிமையை 1869-இல் ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது. ஐந்தரை அங்குலக் குழந்தைக்கு ஒன்று, இருபத்து நான்கு அங்குல யானைக்கு எட்டு என்று வரிசையாக எண் கொடுத்தார்கள். நடுவில் நாலரை, ஐந்தரை என்று அரைக் கணக்கு வேறு. கொலுப்படி மாதிரிதான். நாலாவது படியும் ஐந்தாவது படியும் நிரம்பிவிட்டால் ஆறாவது காலியாகக் கிடப்பதை மனசு பொறுக்காது. என்னிடம் ஆறு இன்னும் இல்லை. அந்த எண்ணை எழுதும்போதே கை பரபரக்கிறது.

பதின்மூன்றும் இருக்க ஏன் இன்னொன்று? ஒன்றுகூட வேலைக்குத் தயாராக இல்லை. ஆயுத பூஜைக்கு அம்மா எல்லாவற்றையும் ஹாலில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம் குழைத்து வைத்து, குங்குமம் இட்டிருந்தாள். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. நானும் படம் எடுத்துக்கொண்டு அப்படியே பெட்டிக்குள் வைத்துவிட்டேன். ஈரச் சந்தனம், மூடிய பெட்டி, சென்னைக் காற்று. பத்து நாள் கழித்துத் திறந்தால் ஒவ்வொன்றிலும் அச்சு வைத்தாற்போல் வட்டமாகத் துரு. இப்போது பெட்டிக்குள் சூடம் போட்டு வைக்கிறேன். தச்சர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். சூட ஆவி இரும்பின்மேல் படிந்து ஈரத்தைத் தள்ளி வைக்கும் என்பார்கள். அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனம் பெட்டியின் மூடிக்கு மட்டும் என்று அம்மாவிடம் பேசி முடித்தாயிற்று.

ஆக, பழையவற்றைத் துடைத்துத் தீட்டலாம் என்று நினைத்துக்கொண்டேதான் வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனேன். உப்புத்தாள் வாங்கத்தான் போனேன். இதை வீட்டில் யாரும் நம்பவில்லை.

பழைய டிரங்க் ரோட்டில் தார்ப்பாய் விரித்த கடை ஒன்றில், உடைந்த மிக்சி ஜாருக்கும் குழாய் ஸ்பேனருக்கும் நடுவே கவிழ்ந்து கிடந்தது. முழுக்கத் துரு, பின்கைப்பிடியின் கொம்பு உடைந்து போயிருந்தது. திருப்பிப் பார்த்தால் வார்ப்பில் '04' என்ற எண். முன்னால் பூஜ்யம் போட்டு எண் கொடுப்பது ரெக்கார்டு என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் வழக்கம். ஷெஃபீல்டில் 1931-இலிருந்து பெய்லி வடிவத்தைப் பின்பற்றிச் செய்யத் தொடங்கியவர்கள். நகத்தால் சுரண்டினேன், துருவுக்கு அடியில் நீலப் பெயின்ட் எட்டிப் பார்த்தது. ரெக்கார்டு நீலம். "ரயில்வே சாமான் சார், ஆயிரத்து நானூறு" என்றார் கடைக்காரர். பல்லாவரத்தில் எல்லாமே ரயில்வே சாமான்தான். அறுநூற்றைம்பதுக்கு முடிந்தது. உப்புத்தாள் வாங்க மறந்துவிட்டேன்.

கழற்றுவதிலேயே முதல் கோளாறு. மரத்தைச் சீவுகிற தகட்டை முன்பின் நகர்த்தும் பித்தளைச் சக்கரம் அசையவே இல்லை. இரண்டு நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்து, பிளையரால் பிடித்து, எல்லா நட்டையும் கழற்றுவது போல இடப்பக்கமாகத் திருகினேன். கொஞ்சம் அசைந்தது, சந்தோஷப்பட்டேன், அப்புறம் கல்லாக இறுகிவிட்டது. அது இடது மரை. வலப்பக்கம் திருகினால்தான் வெளியே வரும். அப்படி வரும்போதுதான் தகடு கீழே இறங்கும். அதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். என்னிடம் இதே போல ஏற்கெனவே ஆறு இருந்தன, ஒன்றையாவது முழுதாகக் கழற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பித்தளையில் பிளையர் கடித்த பல் தடம் இன்னமும் இருக்கிறது.

துருவுக்கு லெமன் சால்ட். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள், சிட்ரிக் ஆசிட்தான். ஐந்து லிட்டர் தண்ணீருக்குக் கால் கிலோ கரைத்து, பித்தளையையும் மரத்தையும் தனியே எடுத்துவிட்டு, இரும்பை மட்டும் பக்கெட்டில் மூழ்கவைத்தேன். இரவு போட்டால் காலையில் எடுத்துவிட வேண்டும். அன்று இரவே திருநெல்வேலிக்குக் கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. பக்கெட் நினைவு மதுரை தாண்டித்தான் வந்தது. வீட்டுக்கு போன் செய்து எடுத்து வைக்கச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பதினாலாவது வந்திருப்பது தெரிந்துவிடும்.

இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால், "இரும்புல ஊறுகாய் போட்டிருக்கியா?" என்று அம்மாவே பக்கெட்டைக் காட்டினாள். துரு போயிருந்தது. கூடவே இரும்பையும் கொஞ்சம் தின்றிருந்தது. கறுப்பு மை போல ஒரு படலம், அதை எஃகு நாரால் தேய்த்தெடுத்தால் அடியில் மணல்தாள் போலச் சொரசொரப்பு. பக்கவாட்டில் இருந்தால் அழகுக் குறைதான். நல்லவேளையாக வாயின் ஓரம் தப்பித்தது. இந்த வாய் என்பது தகடு வெளியே எட்டிப் பார்க்கும் சந்து. அதன் முன்விளிம்பு சிதைந்திருந்தால் இத்தோடு பதிவை முடித்திருப்பேன்.

அமிலத்திலிருந்து எடுத்த இரும்பு சென்னையில் துண்டு எடுக்கப் போய் வருவதற்குள் ஆரஞ்சு நிறமாகிவிடும். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு, உடனே ஹேர் டிரையர், சூடு ஆறுவதற்குள் தையல் மெஷின் எண்ணெய். வரிசை மாறக் கூடாது. பித்தளைச் சக்கரத்தை அம்மா வாங்கிப் போய், குத்துவிளக்கு தேய்க்கிற புளியும் உப்பும் போட்டுப் பத்து நிமிஷத்தில் தங்கமாக்கிக் கொண்டுவந்து வைத்தாள். மொத்த வேலையில் சொன்ன நேரத்தில் முடிந்தது அது ஒன்றுதான்.

அடுத்து அடிப்பாகம். இழைப்புளியின் அடி சமமாக இல்லாவிட்டால் மெல்லிய சுருள் வராது. கிரானைட் கடையில் சமையல் மேடைக்கு அறுத்து மிஞ்சிய துண்டைக் கேட்டேன், இனாமாகவே கொடுத்தார்கள். அதன் பளபளப்பான முகம் நம் வேலைக்குப் போதுமான சமம். மேலே 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, இழைப்புளியின் அடியில் மார்க்கரால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுத் தேய்த்தேன். தகட்டை உள்ளே இழுத்துவிட்டு, அதை அழுத்திப் பிடிக்கிற மேல் இறுக்கத்தை வேலை செய்யும்போது இருக்கிற அளவுக்கே வைத்துத்தான் தேய்க்க வேண்டும். அந்த இறுக்கமே அடியை மயிரிழை வளைக்கும் என்பதால்.

முப்பது இழுப்புக்கு அப்புறம் பார்த்தால் மூக்கிலும் வாலிலும் கோடு அழிந்திருக்கிறது, நடுவில் அப்படியே நிற்கிறது. பைக்குக்கு டாப்பெட் வைக்கிற ஃபீலர் கேஜை (சந்தின் அளவு பார்க்கிற மெல்லிய தகடுகள்) விட்டுப் பார்த்தேன், பள்ளம் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். வார்ப்பிரும்பில் அந்த ஒன்றுமில்லாததைத் தேய்க்க இரண்டு மாலையும் ஐந்து தாளும் ஆயின. விரல் ரேகையும் கொஞ்சம் போயிற்று. மூக்கு, வாயின் முன்விளிம்பு, வால் மூன்றும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். நடுவில் தீவு தீவாகக் கோடு மிச்சம் இருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. கண்ணாடி மாதிரி பளபளக்கும்வரை தேய்த்துப் படம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் முன்பு ஒன்றுக்கு அப்படிச் செய்தேன். மரத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை.

உடைந்த கைப்பிடிக்குப் புதுக் கொம்பு. உடைந்த முகத்தை அரத்தால் சமமாக்கி, ஒரு வேங்கைத் துண்டை நார் ஓட்டம் பார்த்து வைத்து அரால்டைட் போட்டேன். சரிவான இடத்தில் கிளாம்ப் வழுக்குகிறது. பழைய சைக்கிள் டியூபை நாடா நாடாவாக வெட்டி, புண்ணுக்குக் கட்டுப் போடுவதுபோல இழுத்துச் சுற்றினேன். மறுநாள் அரத்தால் ராவி உள்ளங்கைக்குப் பொருத்தினேன். ஒட்டு தெரிகிறது, ஆனால் பிடிக்க நன்றாக இருக்கிறது. பழைய மரை ஆணியைத் தொலைத்துவிடாதீர்கள். நம் கடையில் கிடைக்கிற எம்-6 எதுவும் இதற்குச் சேராது.

இனி தகடு. உண்மையில் வேலை இங்கேதான்.

நான்கு வருடமாக நான் தகட்டைத் தீட்டினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தேய்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்திருக்கிறேன். சரியாகச் சீவவில்லை என்றால் இழைப்புளியின்மேல் சந்தேகம் வரும், அதைவிட நல்லது ஒன்று வாங்குவேன், அதையும் அரைகுறையாகத் தேய்ப்பேன், அதன்மேலும் சந்தேகம் வரும். பதின்மூன்று சேர்ந்தது இந்த வழியில்தான்.

இந்த முறை முதலில் தகட்டின் முதுகு. கூர் என்பது இரண்டு முகம் சந்திக்கிற கோடு. சாய்வு முகத்தை எவ்வளவு தீட்டினாலும் முதுகில் துருக்குழி இருந்தால் அந்தக் குழிதான் கூராக வந்து நிற்கும். ரெக்கார்டு தகட்டின் முதுகில் ஓரத்தையொட்டி இரண்டு குழிகள் இருந்தன. கார்போரண்டம் கல்லில் தண்ணீர் விட்டு, கடைசி அரை அங்குலத்தை மட்டும் தேய்த்தேன். (திருவொற்றியூரிலேயே சாணைக்கல் செய்கிற கார்போரண்டம் யுனிவர்சல் 1954-இலிருந்து இருக்க, நான் முதலில் ஜப்பான் கல்லுக்குக் காசைக் கொட்டினேன். அது தனிச் சோகம்.) குழி போக ஒன்றரை மணி நேரம். அப்புறம் 1000 நம்பர் கல், பிறகு அதைவிட மெல்லிய 6000. ஜன்னல் கம்பி அதில் வளையாமல் தெரிந்தபோது நிறுத்தினேன்.

சாய்வுக்கு, தகட்டைக் கோணம் மாறாமல் பிடித்துக்கொள்கிற நானூறு ரூபாய் ஹோனிங் கைடு ஒன்று, இரண்டு பக்கமும் கடித்துப் பிடிக்கிற பழைய எக்லிப்ஸ் மாதிரி. அதிலிருந்து தகடு 50 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் 25 டிகிரி, 38 மில்லிமீட்டர் என்றால் 30 டிகிரி. ஒரு பலகையில் இந்த இரண்டு தூரத்துக்கும் கட்டை அடித்து வைத்துவிட்டால் அளக்கவே வேண்டாம். 25-இல் முரட்டுத்தனமாகத் தேய்த்து, 30-இல் நுனியை மட்டும் பத்துப் பன்னிரண்டு இழுப்பு.

எப்போது போதும்? இதைத்தான் எனக்கு யாரும் சொல்லவில்லை. முதுகுப் பக்கமாக விரலை வெளிநோக்கி வழித்தால் நுனி நெடுக ஒரு மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும், இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை. தட்டுப்பட்டால் இரண்டு முகமும் சந்தித்துவிட்டன என்று பொருள். எங்கேயாவது ஒரு கால் அங்குலம் தட்டுப்படாவிட்டால் அங்கே கூர் இல்லை, மெல்லிய கல்லுக்குப் போவதில் அர்த்தமும் இல்லை. நான் எப்போதும் பிசிறு வரும் முன்பே 6000-க்குத் தாவி, மொட்டை நுனிக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தேன். பிசிறை எடுக்கப் பழைய தோல் பெல்ட்டில் பச்சை மெழுகு தடவிப் பின்பக்கமாக இழுத்தேன். முன்கை மயிர் சத்தமில்லாமல் உதிர்ந்தது.

மேல்தகடும் ஒன்று உண்டு. தகட்டின்மேல் கவிந்து, எழும்பும் சுருளை ஒடித்து நிமிர்த்துவது. இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் சுருள் அங்கே போய்ச் சிக்கிக்கொண்டு வாய் அடைத்துவிடும். அதையும் கல்லில் தேய்த்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, கூர் நுனியிலிருந்து அரை மில்லிமீட்டருக்குள் வைத்து இறுக்கினேன். நார் எதிராக ஓடுகிற மரத்தில் பிய்ந்து வராமல் இருப்பதற்கு இந்த நெருக்கம்தான் மருந்து. இது தெரியாமல் வாய் குறுகிய விலை கூடின இழைப்புளிக்கு ஆசைப்பட்டவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவன் எழுதுகிறேன்.

மொட்டைமாடியில் தேக்குத் துண்டில் முதல் சீவல் ஓட்டிக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டுக் கதவு வேலைக்கு வந்திருந்த ஆசாரி அண்ணன் தண்ணீர் கேட்டு மேலே வந்தார். அறுபதை நெருங்குகிறவர். இழைப்புளியை வாங்கி, கவிழ்த்து, ஒற்றைக் கண்ணை மூடி அடிப்பாகம் நெடுகப் பார்த்தார். தகடு ஒரு பக்கம் இறங்கியிருந்தது போல. பின்னால் இருந்த நெம்புகோலைக் கட்டை விரலால் ஒரு தள்ளு. அடுத்த இழுப்பில் பலகை அகலத்துக்குச் சுருள் வந்தது, அதன் வழியாக அவர் சட்டையின் கட்டம் தெரிந்தது.

"நல்லாத்தான் தீட்டியிருக்கீங்க தம்பி. எதுக்கு இது?"

"அம்மாவோட இழுப்பறை மழைக்கு இறுகிடுச்சு அண்ணே."

"அதுக்கா இவ்வளவு? மெழுகுவத்தி தேச்சு விடுங்க. மழைக்காலத்துல மரம் ஊதியிருக்கும். இப்ப இழைச்சீங்கன்னா சித்திரையில லொட லொடன்னு ஆடும்."

அவர் வேலைக்கு இழைப்புளி எடுத்து வருவதில்லை. பதினைந்து வருடமாகக் கரண்ட் பிளேனர்தான், கதவு ஒன்றுக்குப் பத்து நிமிஷம். இப்போது முக்கால்வாசி பிளைவுட் வேலை, அதில் இழைக்க என்ன இருக்கிறது என்றார். "கையால இழைக்கிறது உங்களுக்குப் பொழுதுபோக்கு. எனக்கு இந்தத் தோள்பட்டை ராத்திரி தூங்க விடல." அப்பாவின் சாமான்கள் ஒரு கோணிப்பையில் பரணில் கிடப்பதாகச் சொன்னார். நான் கேட்கவில்லை. அவர்தான் சொன்னார். சத்தியமாக.

அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தேன். வாய்ச்சி, கொட்டாப்புளி, பிடி கறுத்த நாலைந்து உளிகள், ஒரு நீள இழைப்புளி. இரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவு, புளியமரம் என்றார். தகட்டை இறுக்குவது மர ஆப்பு. தகட்டின் மேல்முனையில் சுத்தியலால் தட்டினால் இறங்கும், கட்டையின் வாலில் தட்டினால் ஏறும். மூக்குப் பக்கம் குறுக்கே ஒரு துளை. அதில் கோலைச் செருகி, முன்னால் ஒருத்தர் உட்கார்ந்து இழுக்க, பின்னால் ஒருத்தர் தள்ள வேண்டும். "பள்ளிக்கூடம் விட்டு வந்தா நான்தான் இழுக்கணும். மத்தப் பசங்க எல்லாம் கோலி ஆடிக்கிட்டு இருப்பானுங்க" என்றார். கோல் உரசி உரசித் துளையின் ஒரு பக்கம் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. அவருக்கு அதன்மேல் பிரத்தியேகப் பாசம் இருப்பதாகத் தெரியவில்லை. ஐநூறு கேட்டார், கொடுத்தேன். பதினைந்து.

மெழுகுவத்தியைத் தேய்க்கலாம்தான். ஆனால் அதற்கு முதலில் இழுப்பறை வெளியே வர வேண்டுமே. அதற்குள் அலுவலகத்தில் வருடக் கடைசி வேலை, நடுவில் ஒரு புயல் எச்சரிக்கை, ஜுரம். மார்கழியும் போயிற்று. போகிக்குப் பழையது கழிக்க அம்மா அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது, கூப்பிட்டாள். போனேன். கீழ் இழுப்பறையை ஒற்றை விரலால் இழுத்துக் காட்டினாள், தள்ளிக் காட்டினாள். மழை நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது. மரம் தானாகவே வற்றிவிட்டிருந்தது. உள்ளே 2019 முதல் வந்த மின்வாரிய ரசீதுகள் இருந்தன.

பொங்கல் விடுமுறையில் நீள இழைப்புளியின் தகட்டையும் பிசிறு வரும்வரை தீட்டினேன். மாடியில் பலகையைக் கிடத்தி, துளையில் கோலைச் செருகி, பையனை எதிரே உட்காரவைத்தேன். ஒன்பது வயது. முதல் இழுப்பில் சுருள் அவன் முகத்தில் வந்து விழுந்ததும் சிரித்தான். ஆறாவது இழுப்பில் கோலை விட்டுவிட்டு உள்ளங்கையைப் பார்த்தான்.

"கை வலிக்குதுப்பா" என்று சொல்லிவிட்டுப் பட்டத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனான். இழைப்புளி பலகையின் பாதியில் நின்றது.